குழலுக்குள் எட்டிப் பாருங்கள்!



இலண்டன் ஏல மன்றங்களின் கண்ணாடிப் பேழைகளுக்குள் பகட்டாகப் படுத்துக் கிடக்கின்றன, பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிகளும் வாள்களும். காட்மாண்டு அரண்மனைக் கிடங்கில் குவிந்து கிடந்தவற்றைக்கூட 2003-ல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிச் சென்றனர். சேகரிப்பவர் வருகிறார், பித்தளைத் தகட்டைத் தடவுகிறார், பொறித்த முத்திரையைப் படிக்கிறார், 'ஆகா, என்ன வேலைப்பாடு!' என்று வியக்கிறார். வியக்கட்டும். ஆனால், முத்திரையில் இல்லாத வரலாறு ஒன்று உண்டு. அது குழலுக்குள் இருக்கிறது!

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் மூன்று சுழல் பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழற்றி அனுப்பும். பல நூறு கெஜத் தொலைவிலும் குறி தப்பாது. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பன்றோ 1857-ல் சிப்பாய்களின் சினத்தைக் கிளறியது! கிளர்ச்சியை ஒடுக்கிய பின் வெள்ளையன் செய்தது என்ன? சிப்பாயின் கையில் துப்பாக்கி வேண்டும். ஆனால் அது வெள்ளைச் சோல்ஜரின் துப்பாக்கிக்கு ஈடாகிவிடக் கூடாது என்று முடிவு கட்டினான். பள்ளங்களே இல்லாத அகன்ற, வழவழப்பான குழலைச் செய்தான். தொலைவுக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிகாட்டியையும் அகற்றினான். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு. உள்ளே ஆற்றல் பறிக்கப்பட்ட வெறுங்குழாய்! பீரங்கியோ, ஒருசில மலைப் படைகள் நீங்கலாக, இந்தியர் கையைவிட்டே பறிக்கப்பட்டது.

இது திடீரெனப் பிறந்த புத்தியன்று. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, தமிழகத்துப் பாளையங்களில் ஆயுதம் கூடாதென்று பறைசாற்றியது கும்பினி. 1878-ல் வந்தது ஆயுதச் சட்டம்: இந்தியனுக்கு உரிமச்சீட்டு வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு!

'வெள்ளையன் ஒழுங்கைத் தந்தான், படையைத் தந்தான்' என்று இன்றும் ஏங்குவோர் உளர். அவர்களுக்குச் சொல்வோம்: தனக்காக உயிர்விடும் சிப்பாயிடமே நல்ல துப்பாக்கியைத் தர அஞ்சிய ஆட்சியின் வாக்குமூலம் அந்த வழவழப்பான குழல்!

சேகரிப்பது குற்றமன்று; உருக்கி அழிப்பதைவிட அது நன்று. ஆனால் மாதிரியும் ஆண்டும் எழுதும் சீட்டில், 'எவருக்கு அஞ்சி இப்படிச் செய்யப்பட்டது' என்ற வரியும் இருக்க வேண்டும். அருங்காட்சியகம் செல்லும்போது அந்த வரி எங்கே என்று கேளுங்கள்!

ஆயுதத்தைக் கொடுத்து ஆற்றலைப் பறிப்பது ஆதிக்கத்தின் பழைய கலை. எவர் எந்த அதிகாரத்தை உங்கள் கையில் தந்தாலும், தகட்டின் பளபளப்பில் மயங்காதீர். குழலுக்குள் எட்டிப் பாருங்கள்!