குதிரைக்கு லாயம், நமக்கு லயம்



கோலாலம்பூர் புக்கிட் கியாரா பக்கம் போய் வந்தவர்களுக்கு அங்குள்ள குதிரைச் சவாரி கிளப் தெரிந்திருக்கும். குதிரைகளுக்கு லாயம் இருக்கிறது. சவாரிக்குக் களம் இருக்கிறது. குதிரையின் மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. அது வாயில்லா ஜீவன், அதற்கும் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். நம் கேள்வி வேறு. அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது? அங்கே உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

புக்கிட் கியாரா ஒரு ரப்பர் தோட்டம். நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டம். 1980களின் தொடக்கத்தில் பொதுத் தேவைக்கு என்று சொல்லி அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அதில் ஒரு பகுதி குதிரைச் சவாரி கிளப் ஆனது. இன்னொரு பகுதி கோல்ஃப் திடல் ஆனது. தோட்டத்து மக்களை 1982இல் ‘ரூமா பாஞ்சாங்’ எனும் நீள வீடுகளில் குடிவைத்தார்கள். ஏறக்குறைய நூறு குடும்பங்கள். நிரந்தர வீடு வரும், அதுவரை இங்கே இருங்கள் என்றார்கள். அந்த இடத்தைப் பற்றிய வழக்கில் 2023இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளிலும் அந்த மக்கள் அதே நீள வீடுகளில்தான் இருந்தார்கள். 41 ஆண்டுகள்! ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

இப்படி நடக்கும்போது நாம் உடனே, “சட்டத்தை மீறிவிட்டார்கள்” என்று கத்துகிறோம். வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பல இடங்களில் எதுவும் மீறப்படுவதில்லை. எல்லாம் காகிதப்படிதான் நடக்கிறது. அந்தக் காகிதம் எப்போது எழுதப்படுகிறது, யாருக்கு அனுப்பப்படுகிறது என்பதில்தான் நம் தலைவிதி இருக்கிறது.

1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, தீபகற்ப மாநிலங்களில் நடப்பில் உள்ளது. கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் சட்டம் 267 தனியாக உண்டு. சட்டம் 172இன் 19ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதி இல்லாமல் யாரும் நிலத்தில் மேம்பாடு செய்யக்கூடாது என்கிறது. ‘கெபெனாரான் மெரஞ்சாங்’ என்று நாம் கேள்விப்படுவது இதுதான். மேம்பாடு என்றால் ஐம்பது மாடிக் கட்டடம் மட்டும் அல்ல. கூரை போட்ட கொட்டகையும் கட்டடம்தான். நிலத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றுவதும் மேம்பாடுதான். அனுமதி இல்லாமல் செய்தால் 500,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தச் சட்டம் குதிரை லாயத்துக்கும் பொருந்தும், நம் மாட்டுக் கொட்டகைக்கும் பொருந்தும்.

பிறகு வித்தியாசம் எங்கே வருகிறது? லாயம் கட்ட நினைப்பவர் கையில் நிலப் பட்டா இருக்கிறது. வரைபடம் போட நிபுணர் இருக்கிறார். மன்றத்தில் எந்த முகப்பில் எந்தப் பாரத்தைக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தில் இரண்டு மாடு வளர்த்து, பால் விற்று, பிள்ளையின் பள்ளிச் செலவைச் சமாளித்த குடும்பத்துக்கு என்ன இருந்தது? “கட்டிக்கொள்” என்று நிர்வாகி என்றோ வாயால் சொன்ன ஒரு சொல். மாடு வளர்ப்பது விவசாயம் என்று இதே சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நிலம் தோட்டத்தின் பேரில் இருக்கிறது. நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் கொட்டகைக்கு எந்த விண்ணப்பமும் நகராது. தோட்டம் கைமாறிய மறுநாளே அந்தக் கொட்டகைக்கு ‘சட்டவிரோதக் கட்டடம்’ என்று பெயர் வந்துவிடுகிறது.

நம் திட்டமிடல் சட்டத்தின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே நாட்டுப்புறத்தில் குதிரை வளர்ப்பதை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? நிலத்தில் மாடு மேய்ந்தால் விவசாயம், அனுமதி வேண்டாம். குதிரையைச் சும்மா மேயவிட்டால் அதற்கும் வேண்டாம். ஆனால் அதே நிலத்தில் சவாரிக்காகக் குதிரை வைத்து, தீனி போட்டு வளர்த்தால் அது விவசாயம் ஆகாது. நிலத்தின் பயன்பாடு மாறிவிட்டது, அனுமதி வாங்கு என்கிறார்கள். 1981ஆம் ஆண்டில் வெளியான ஒரு தீர்ப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. விண்ணப்பம் வந்ததும் அதைப் பொதுவில் வைக்கிறார்கள். அந்த ஊரில் வாடகைக்கு இருப்பவரும் கருத்து எழுதலாம். சொந்த நிலம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் நாட்டில்? சட்டம் 172இன் 21ஆவது பிரிவைப் பாருங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு விண்ணப்பம் வந்தால், ஊராட்சி மன்றம் பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் தெரிவித்தவர், முடிவு தனக்குத் தெரிந்த ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்கும் போகலாம். நல்ல உரிமைதான். ஆனால் உரிமையாளர் என்றால் பட்டாவில் பெயர் உள்ளவர். லயத்தில் மூன்று தலைமுறையாக இருந்தாலும் அந்தக் கடிதம் உங்களுக்கு வராது. உங்கள் வீட்டைப் பற்றிய கடிதம் தோட்ட முதலாளிக்குப் போகும். அவர்தான் விற்பவர்!

ஆக, வரிசை இப்படி அமைகிறது. முதலில் உள்ளூர்த் திட்டத்தில் நிலத்தின் நிறம் மாறுகிறது. பிறகு திட்டமிடல் அனுமதி. நில அலுவலகத்தில் விவசாய நிலம் கட்டட நிலமாக மாற்றப்படுகிறது. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைக்கிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியேறும் நோட்டீஸ் நம் கதவில் ஒட்டப்படுகிறது. நாம் அந்தக் கடைசிக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் ஓடுகிறோம். மண்வாரி இயந்திரத்தின் முன்னால் படுக்கிறோம். அந்த வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீதிமன்றத்தில் பேசுவதற்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகை மட்டுமே.

முன்கூட்டியே பேசினால் என்ன நடக்கும் என்பதற்கும் புக்கிட் கியாராவே சாட்சி. அங்குள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் 1,766 சொகுசு அடுக்ககங்களும் 350 கட்டுப்படி விலை வீடுகளும் கட்ட 2017இல் மாநகர் மன்றம் மேம்பாட்டு ஆணை கொடுத்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது உறுதியானது. நீதிபதி நளினி பத்மநாதன் எழுதிய அத்தீர்ப்பு நமக்கும் ஆயுதம்தான். அமைப்புத் திட்டத்தில் பூங்கா என்று போட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் அதிலிருந்து விலக டத்தோ பண்டாருக்கு உரிமை இல்லை. வழக்குத் தொடுக்க இவர்கள் யார் என்ற வாதமும் எடுபடவில்லை.

அந்த வழக்கில் வென்றவர்கள் நம் எதிரிகள் அல்லர். ஆனாலும் நெஞ்சில் ஒரு முள் குத்துகிறது. 350 வீடுகள் கொண்ட அந்தத் தொகுதியைக் காட்டித்தான் நீள வீட்டு மக்களை அந்தத் திட்டத்துக்குக் காத்திருக்க வைத்தார்கள். பூங்கா வேண்டுமா, தோட்டத்து மக்களுக்கு வீடு வேண்டுமா என்று இரு தரப்பையும் மோதவிட்டார்கள். இந்தக் கேள்வியே தவறு. வீட்டுக்கான நிலத்தை 1980களிலேயே, குதிரைக்கும் கோல்ஃபுக்கும் பங்கு பிரித்த அதே நாளில், வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். அன்று மேசையில் நம் பங்கைக் கேட்க ஆள் இல்லை.

இனி அந்த மேசைக்கு நாம் போகவேண்டும். பட்டா இல்லாதவனுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மாநிலங்களில் ஊராட்சி மன்றம் ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ எனும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபத்துக்கு நேரம் தரவேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நில உரிமையாளர் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதியவர் தம் தரப்பை நேரில் சொல்லவும் கேட்கலாம். திட்டம் அரசிதழில் வந்துவிட்டால், அதற்கு முரணாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று 22ஆவது பிரிவு மன்றத்தைக் கட்டிப்போடுகிறது. வரைவில் நுழைந்த ஒரு வரி, பின்னால் நூறு பேர் போராடிப் பெறுவதை முன்னாலேயே பெற்றுத்தரும்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியவை இவை.

ஒன்று: உங்கள் தோட்டம், கம்பம், நீள வீடு எந்த ஊராட்சி மன்றத்தில் இருக்கிறது, உள்ளூர்த் திட்டத்தில் என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று இந்த மாதமே பாருங்கள். பிளான்மலேசியா இணையப் பக்கத்தில் வரைபடம் கிடைக்கும். பிள்ளைகள் தேடிக் கொடுப்பார்கள்.

இரண்டு: அந்தத் திட்டம் எப்போது மறுஆய்வுக்கு வருகிறது என்று மன்றத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: வரைவு வந்ததும் வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு, மாடு மேயும் இடம் எல்லாவற்றையும் குறித்து ஆட்சேப மனு கொடுங்கள். ஒருவர் பேரில் மட்டும் வேண்டாம், குடும்பத்துக்கு ஒரு மனு. முத்திரை குத்திய நகலை வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.

நான்கு: மலாயில் எழுத வரவில்லை என்று தயங்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஒரு மாலை நேரத்தை ஊருக்காகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நிலம் நம் பேரில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த நிலத்தைக் காடு வெட்டிக் கழனியாக்கிய உழைப்பு நம்முடையது. குதிரைக்கு லாயம் எங்கே என்று முன்கூட்டியே திட்டம் போடத் தெரிந்த நாட்டில், உழைத்தவனுக்கு வீடு எங்கே என்று கேட்பது பிச்சை அல்ல. அதை நோட்டீஸ் ஒட்டிய பிறகு கேட்காதீர்கள். வரைபடம் மேசையில் விரியும்போதே கேளுங்கள்.