வாங்கும்போது முதலீடு, ஜகாத்தின்போது பொழுதுபோக்கா?



1971 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டன் தன் பழைய நாணய முறையைக் கைவிட்டது. அதுவரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், 240 பென்னி. அன்று முதல் 100 புதிய பென்னி. விடைபெறும் நாணயங்களின் நினைவாக, எட்டு நாணயங்களை 1970 என்று ஆண்டு பொறித்து, மெருகேற்றிய அச்சுகளால் கண்ணாடிபோல் பளபளக்க அடித்து, பெட்டியிலிட்டு விற்றது அந்நாட்டு அரச நாணயச்சாலை. இதனைப் ‘புரூஃப் செட்’ என்பர். இலண்டனில் உறவினர் உள்ள நம் இல்லங்கள் சிலவற்றிலும் இத்தகைய பெட்டிகள் அலமாரி ஏறியிருக்கின்றன. பிள்ளைகளின் எதிர்காலத்துக்கான முதலீடு என்கின்றனர் வாங்கியோர். நான் மறுப்பது அந்தச் சொல்லைத்தான்.

பெட்டிக்குள் இருப்பது என்ன? செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், வெண்கலம், பித்தளை. பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. அரிய பொருளா எனில், ஏறத்தாழ ஏழரை இலட்சம் பெட்டிகள் செய்யப்பட்டன. சரி, பணமாகவாவது இருந்ததா? அரைப் பென்னி 1969 ஆகஸ்டிலும், அரை கிரவுன் அவ்வாண்டின் இறுதியிலும் செல்லாதவை ஆகிவிட்டன. ஆக, செல்லாமற்போன பின்வந்த ஆண்டைச் சுமந்துகொண்டு, ஒருநாளும் கடைத்தெருவைக் காணாமல், காட்சிக்கென்றே பிறந்தவை அவை. விக்டோரியா அரசியின் காலத்துப் பென்னிகள் தேய்ந்து தேய்ந்து அந்த மாற்றம் வரையிலும் மக்கள் கைகளில் புழங்கின. வரலாறு வேண்டுமெனில் அந்தத் தேய்ந்த காசில் இருக்கிறது, விலையும் சொற்பம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், தீனாரும் திர்ஹமும் தமக்கென நிறமில்லாத கண்ணாடியைப் போன்றவை, பிற பொருள்களின் மதிப்பைக் காட்டவே படைக்கப்பட்டவை என விளக்குகிறார்கள். அவற்றைப் பதுக்குபவர் நீதிபதியைச் சிறையில் அடைத்தவருக்கு ஒப்பாவார் என்றும் கூறுகிறார்கள். நம்மவரோ சிறைக்கு வெல்வெட்டும் விரிக்கின்றனர்.

அரசியின் உருவம் இருப்பதால் இது ஹராம் என்று பாய்வோருடன் நான் சேரமாட்டேன். ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிடும் வரை, முஸ்லிம்கள் உருவம் பொறித்த நாணயங்களைப் புழங்கியே வந்தனர். இன்று பாய்கின்றவரும் காந்தியாரின் உருவமுள்ள தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தொழுகின்றார். தன் வசதிக்குள் ஒருவர் பழங்காசு சேர்ப்பது ஆகுமானதே.

என் வழக்கு வேறு. விருந்தினரிடம் பெட்டியைத் திறந்து, “இன்னும் பத்தாண்டில் இதன் விலையைப் பாருங்கள்” என்கிறவர், ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, “அது வெறும் பொழுதுபோக்கு, உஸ்தாத்” என்கிறார். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இலாபத்துக்கு விற்கும் எண்ணத்துடனேயே வாங்கியிருந்தால் அது வணிகப் பொருள். ஹனஃபியும் ஷாஃபியும் இதில் ஒரே பக்கம். சந்திர ஆண்டு நிறைவுறும் நாளில், விற்றால் இன்று கிடைக்கும் விலையை ரொக்கத்தோடு சேர்த்து, நிஸாபை எட்டினால் இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும். தூய வெள்ளியிலோ பொன்னிலோ அடித்த புரூஃப் நாணயமாயின் எண்ணத்தைக் கேட்கவே தேவையில்லை. அது நகையன்று, அதன் எடையும் கணக்கில் சேரும்.

விற்பனையாளரின் விளம்பரத் தாளில் உள்ள விலையை எழுதாதீர்கள். நாணய வணிகர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுசென்று, எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையே உங்கள் ‘முதலீட்டின்’ விலை.