உண்மைச் சான்றிதழ் திறந்து கிடக்கிறது, போலிச் சான்றிதழுக்குப் பூட்டு

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்துவிட்டால் மோகனூர் வட்டாரத்து இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் கூட்டம் கூடிவிடும். ஒருவந்தூர், அணியாபுரம், வளையப்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். கையில் உறை இல்லாதவர்கள் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படங்களை அனுப்பிவிட்டு, "அண்ணா, இதுல ரெண்டு ரெண்டு காப்பி போடுங்க" என்கிறார்கள். காப்பி வந்துவிடும். அனுப்பிய படம் கடைக்காரரின் கைப்பேசியிலும் கணினியிலும் அப்படியே இருக்கும். சரியாக விழாத நகல் மேசைக்கடியில் உள்ள அட்டைப்பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி நிறைந்த பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

கலந்தாய்வுக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, கல்வி உதவித்தொகைக்கு ஒன்று என்று பட்டியல் சாதி மாணவர் ஒருவரின் சான்றிதழ் ஒரே கோடையில் பல மேசைகளைத் தாண்டுகிறது. உரிமையைப் பெறக் கொடுக்க வேண்டிய தாள்தான். அதில் கேள்வி இல்லை. ஆனால் கொடுத்த தாளை வாங்கியவர் என்ன செய்யலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், யாருக்குக் காட்டலாம் என்பதற்கு நம்மிடம் என்ன சட்டம் இருக்கிறது?

நாமக்கல்லிலோ கரூரிலோ வேலை கிடைத்து வாடகைக்கு வீடு தேடிய நம் பிள்ளைகளுக்கு இது புரியும். இப்போது யாரும் முன்போல "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாசலிலேயே கேட்பதில்லை. "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க தம்பி, போலீஸ்ல கேப்பாங்க" என்பார்கள். ஆதாரில் சாதி இல்லை. ஆனால் முகவரி இருக்கிறது. அதில் அருந்ததியர் தெரு என்றோ ஆதிதிராவிடர் காலனி என்றோ இருக்கிறது. மறுநாள் போன் வரும்: "வீட்டை ஏற்கெனவே ஒருத்தருக்குப் பேசி முடிச்சிட்டோம்." முகவரியே சாதிச் சான்றிதழாக வேலை செய்கிறது, அதுவும் தாசில்தார் கையெழுத்து இல்லாமல்.

இது புதிதல்ல. வெளிநாட்டில் படித்துத் திரும்பிப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித்தான் அவரால் தங்க முடிந்தது. பதினோராம் நாள் காலை தடிகளோடு வந்து நின்றவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அன்று தகவல் கசிந்தது வாய்வழியே. இன்று ஒரு நகல் போதும்.

தமிழ்நாடு அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு அரசாணையும் வந்தது. நல்ல முடிவு. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஏற்கெனவே அச்சான குடும்ப அட்டைகளிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்குகளிலும் அந்த முகவரி மாற வேண்டுமே. அதற்கு வரிசையில் நிற்கப்போவதும் அந்தத் தெருக்காரர்கள்தான்.

சாதி தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்தில் தனியாக உதாரணம் தேட வேண்டியதில்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன் படித்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ், கடத்திக் கொல்லப்பட்டார். இருவருடைய சாதியும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டதுதான் அந்தக் கும்பலுக்குப் போதுமானதாக இருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. அந்த வழக்கில் கோயில் கேமரா பதிவு முக்கியச் சான்றாக நின்றதையும் மறக்கக் கூடாது. ஒரு தகவல் உயிரை வாங்கியது; இன்னொரு தகவல் கொலையாளியைக் காட்டிக்கொடுத்தது. எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று பிரித்தறியும் சட்டம்தான் நமக்குத் தேவை.

அந்தரங்க உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் என்றதும் படுக்கையறையும் பணக்காரர் வீட்டு மதில் சுவரும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. தன்னைப் பற்றிய தகவலை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தானே முடிவு செய்வதும் அந்த உரிமைதான். சாதியை மறைக்க வேண்டும் என்பதல்ல இங்கே பேச்சு. மேடையில் ஏறி, "ஆமாம், நான் அருந்ததியன்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதும், வாடகை வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லாமல் இருப்பதும் ஒருவருடைய ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள்.

அந்தத் தீர்ப்பையொட்டிய காலத்தில் மத்திய அரசு நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2018 ஜூலையில் குழு கொடுத்த சட்ட வரைவில், உடல்நலம், பணம், கைரேகை போன்றவற்றோடு 'சாதி அல்லது பழங்குடி' என்பதும் கூர்மையான பாதுகாப்பு தேவைப்படும் தகவலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் அது இருந்தது. 2022இல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு தனிப் பிரிவே இல்லை. உங்கள் சாதியும், நீங்கள் எந்தக் கடையில் செருப்பு வாங்கினீர்கள் என்பதும் இச்சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இத்தனைக்கும், சாதி எவ்வளவு ஆபத்தான தகவல் என்பதை மற்ற இடங்களில் அரசும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது. கல்வி உதவித்தொகை பற்றிய செய்தியைத் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றது அந்தக் குழு. "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்ற குரலைக் கேட்டு எழுந்து நின்றவர்களுக்கு அந்தப் பரிந்துரையின் அருமை தெரியும். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையே நீக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளிக்கும் சிறைக்கும் புரிந்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் புரியவில்லை.

சட்டத்தின் மற்ற ஓட்டைகளையும் பார்க்கலாம். இது டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கு மட்டும்தான். ஜெராக்ஸ் கடையின் அட்டைப்பெட்டியில் கிடக்கும் தாளுக்கு இதில் பாதுகாப்பு கிடையாது. ஸ்கேன் செய்த பிறகுதான் சட்டம் கண் திறக்கிறது. மானியம், சான்றிதழ், உதவித்தொகை போன்றவற்றுக்காக அரசு நம் தகவலைக் கையாளப் பல நேரங்களில் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கு அளிக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெரிதாகப் பேசப்படுகிறது. அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட இச்சட்டத்தின் கீழ் இழப்பீடாக வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. அதையும் இச்சட்டம் நீக்குகிறது. நல்லதென்று சொல்ல ஒன்று உண்டு: ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் கேட்டுப் பெறலாம். தமிழிலேயே காட்டு என்று நாம் கேட்கலாம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் ஒப்புதல் கேட்பது, தகவலைத் திருத்துவது, அழிப்பது போன்ற கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அதாவது 2027 மே வரை. ஆனால் அதே நவம்பரில், ஒரு நாள் அவகாசமும் இல்லாமல் நடைமுறைக்கு வந்துவிட்ட பிரிவு ஒன்று இருக்கிறது. அது 44(3). தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை அது மாற்றியது.

பழைய பிரிவு இப்படிச் சொன்னது: பொது நடவடிக்கைக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத தனிநபர் தகவலை மறுக்கலாம், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. புதிய பிரிவில் இவை எதுவும் இல்லை. 'தனிநபர் தகவல்' என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான்.

இதனால் யாருக்கு நட்டம்? தொகுப்பு வீடு யார் யாருக்கு ஒதுக்கப்பட்டது, செத்தவர் பெயரில் பணம் எடுக்கப்பட்டதா என்று கேட்கும் சேரிக்காரருக்கு நட்டம். பயனாளியின் பெயர் தனிநபர் தகவல்தானே? 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது, எந்த உத்தரவின்படி பட்டா மாறியது என்று கோப்பைக் கேட்பவருக்கு நட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, போலிச் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி அல்லாதவர் போலிச் சான்றிதழ் கொடுத்து நம் இடத்தில் வேலையில் அமர்ந்திருக்கிறார் என்று சந்தேகம் வந்தால், அவர் கொடுத்த சான்றிதழின் நகலையும் சரிபார்ப்பு விவரத்தையும் கேட்பதுதான் முதல் படி. சான்றிதழ்களைச் சரிபார்க்கக் குழுக்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இலேயே வழிகாட்டியது. குழு விசாரிக்க வேண்டுமானால் யாராவது ஆதாரத்தோடு புகார் கொடுக்க வேண்டும். அந்த ஆதாரத்தை இனி 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். மோகனூர் ஜெராக்ஸ் கடையில் உண்மையான சான்றிதழ் திறந்து கிடக்க, எங்கோ ஓர் அலுவலகக் கோப்பில் உள்ள போலிச் சான்றிதழுக்குச் சட்டம் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவல் தரலாம் என்கிற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, ஆகவே கவலை வேண்டாம் என்கிறது மத்திய அரசு. இருப்பது உண்மைதான். ஆனால் அதில் 'தரலாம்' என்றுதான் இருக்கிறது. கேள்விக்கு உள்ளாகும் அலுவலகமே பொதுநலனை எடைபோட வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்து போடு என்றும் நான் சொல்லவில்லை. நூறு நாள் வேலைத் திட்ட இணையதளத்தில் வேலை அட்டையைத் திறந்தால் குடும்பத் தலைவர் பெயர், ஊர், உறுப்பினர்களின் வயது, கூடவே எஸ்.சி. என்ற பிரிவு எல்லாம் ஒன்றாகத் தெரியும்படி பல ஆண்டுகள் இருந்துவந்தது. வராதவர் பெயரில் கூலி எழுதியதைக் கண்டுபிடிக்கப் பெயரும் வேலை நாளும் கூலியும் வெளியே இருக்க வேண்டும். அதற்குச் சாதிக் கட்டம் எதற்கு? ஊராட்சிக்கு மொத்தம் எத்தனை பட்டியல் சாதிக் குடும்பங்கள் என்ற எண்ணிக்கை போதுமே. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948இலிருந்தே இதைத்தான் செய்கிறது: மொத்தக் கணக்கு ஊருக்கு, தனி வீட்டின் பதில் ரகசியம். 2027 கணக்கெடுப்பில் எல்லோரிடமும் சாதி கேட்கப்போகிறார்கள். கணக்கெடுப்பாளரிடம் சொல்லும் பதிலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு காக்கிறது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. நகல் கொடுக்கும்போது, எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட அட்டையை ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். அடையாளம் காட்ட மட்டும் கேட்கும் இடத்தில் அது போதும். கடைக்காரருக்கு அனுப்பிய படத்தை அங்கேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் பிள்ளையின் சான்றிதழும் எங்கோ ஒரு கடையில் இருக்கும்.

தகவல் கேட்டு மனு எழுதும்போது, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டிவிட்டுக் கேள்வியை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். இந்தத் தகவலில் இன்ன பொதுநலன் இருக்கிறது, ஆகவே 8(2) பிரிவின் கீழ் தர வேண்டும் என்று காரணத்தோடு எழுதுங்கள். கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி ஆகியவற்றை மறைத்துவிட்டு மீதியை 10ஆம் பிரிவின்படி கொடுங்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். மறுப்பு வந்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. மறுத்த கடிதத்தையும், அது வந்த உறையையும், தபால் முத்திரைத் தேதி தெரியும்படி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.