சர்வரைத் தொடாமலே வெப்சைட்டைத் தூக்கலாம்! உங்க டி.என்.எஸ் சாவி யார் கையில்?

2013 ஆகஸ்ட் 27. நியூயார்க் டைம்ஸ் வெப்சைட்டைத் திறந்த பலருக்குச் செய்திகள் வரவில்லை. 'சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி' என்ற ஹேக்கர் குழுவின் வேலை அது. இத்தனைக்கும் பத்திரிகையின் சர்வருக்குள் யாரும் நுழையவே இல்லை.

அப்புறம் எப்படி? அந்த டொமைன் பதிவாகியிருந்த இடம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஐ.டி நிறுவனம். அதன் ரீசெல்லர் ஒருவரின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஹேக்கர்களிடம் சிக்கின. டி.என்.எஸ் பதிவை மாற்றினார்கள், முகவரி வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவ்வளவுதான்!

டி.என்.எஸ் என்ன செய்யுது?

போன் கான்டாக்ட் லிஸ்ட் மாதிரிதான். பெயரைத் தட்டினால் நம்பருக்குக் கால் போகிறது. யாராவது நம்பரை மட்டும் மாற்றி வைத்தால், அதே பெயருக்கு வேறு ஆள் எடுப்பார்.

'ஏ ரெக்கார்டு', வெப்சைட் எந்த ஐ.பி எண்ணில் இருக்கு என்று சொல்லும். 'சிநேம்', ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் கைகாட்டும். 'எம்.எக்ஸ்', மெயில் எங்கே போகணும் என்று சொல்லும். 'என்.எஸ்', இதற்கெல்லாம் பதில் சொல்லும் சர்வர் எது என்பதையே தீர்மானிக்கும். இவற்றை மாற்றும்போது பிரவுசரின் அட்ரஸ் பாரில் பெயர் மாறாது. டி.என்.எஸ் கையில் இருப்பவர் அந்தப் பெயருக்குப் புது எஸ்.எஸ்.எல் சான்றிதழும் வாங்கிவிடலாம் என்பதால், பூட்டு ஐகானும் காப்பாற்றாது.

"அது ஐ.டி டீம் வேலை"

சிக்கலே இந்த மனநிலைதான். வெப்சைட் செய்து கொடுத்தவரே தன் மெயில் ஐ.டி-யில் டொமைனையும் வாங்கி வைத்திருப்பார். உரிமையாளருக்குப் பாஸ்வேர்டு தெரியாது. கடைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரிடம் கடைப் பத்திரத்தையே கொடுத்து வைப்போமா? டொமைன் என்பது டெக்னிக்கல் சமாச்சாரம் இல்லை, சொத்து. அதன் சாவி உரிமையாளரிடம்தான் இருக்கணும்.

பழைய பதிவுகளும் ஆபத்துதான். ஆஃபருக்காக ஒரு கிளவுட் சேவையில் பக்கம் தொடங்கி, 'சிநேம்' போட்டு, பிறகு சேவையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். ரெக்கார்டு அப்படியே கிடக்கும். காலியான அந்தப் பெயரை அதே சேவையில் வேறு ஒருவர் எடுத்துக்கொள்ள வழியிருந்தால், உங்கள் முகவரியிலேயே அவர் கடை விரிக்கலாம். இதைத்தான் 'சப்டொமைன் டேக்ஓவர்' என்கிறார்கள்.

என்ன செய்யணும்?

* டொமைன் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அதற்கான மெயில் அதே டொமைனில் வேண்டாம். டொமைன் போனால் மெயிலும் சேர்ந்து போகும்.
* டூ-ஃபேக்டர் பாதுகாப்பைப் போடுங்க.
* முக்கியமான டொமைனுக்கு 'ரெஜிஸ்ட்ரி லாக்' கேளுங்க. கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் மாற்ற முடியாது. 2013 தாக்குதலில் இப்படி லாக் போட்டிருந்த டொமைன்கள் தப்பின என்று மெல்போர்ன் ஐ.டி-யே சொன்னது.
* ஒரு சேவையை நிறுத்தும்போது முதலில் ரெக்கார்டை நீக்குங்க.

இன்னொரு விஷயம். தவறான பதிவைத் திருத்தினாலும் உடனே எல்லோருக்கும் சரியாகாது. 'டி.டி.எல்' 86,400 விநாடி என்று இருந்தால், பழைய பதில் ஒரு நாள் வரை பல இடங்களில் தங்கியிருக்கும். அந்த ஒரு நாளில் ஏமாறப்போவது உங்க பெயரை நம்பி வந்த வாடிக்கையாளர்தான். டொமைன் யார் கணக்கில் இருக்கு என்று இன்றே கேட்டுவிடுங்க!