வண்டி அமுங்குவது குறையா?



ஆள் ஏறி அமர்ந்ததும் மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் சற்றுத் தாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். பலர் இதைப் பழுது என்று எண்ணி, "ஷாக்கில் இரண்டு வாஷர் போட்டு இறுக்கிவிடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுகின்றனர். அது பழுதன்று, அவசியம் என்பதே என் கருத்து. அளந்து பார்க்காமல் இறுக்குவதுதான் தவறு.

முன் போர்க்கின் ஒவ்வொரு காலும் ஒன்றினுள் ஒன்று நகரும் இரு குழாய்களால் ஆனது. உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் உள்ளன. வில் பாரத்தைத் தாங்குகிறது. எண்ணெய் துள்ளலை அடக்குகிறது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935-லேயே இவ்வகைப் போர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் தஞ்சை வட்டாரச் சாலைகளை எண்ணிப் பாருங்கள். மதகின் மேடு வந்தால் சக்கரம் மேலே எழ வேண்டும். கேஜ் வீல் டிராக்டர் கிழித்த பள்ளம் வந்தால் கீழே இறங்க வேண்டும். பாரம் ஏறியும் வில் அமுங்கவில்லை என்றால் சக்கரம் இறங்க இடம் ஏது? பள்ளத்தின் மேல் அது ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை. வண்டியைத் திருப்பவும் இயலாது. ஆகவே, போர்க்கின் மொத்த நகர்வில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஆள் ஏறியதும் அமுங்குவது நல்லது.

இதை வீட்டு வாசலிலேயே அளக்கலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எஞ்சின் நின்றிருக்கட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்தினால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும். அப்போது சக்கர அச்சின் மையத்திலிருந்து போர்க்கின் மேல் கவ்விவரை அளவெடுங்கள். 620 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின் ஸ்டாண்டை எடுத்து, வண்டி சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் ஏறி அமரட்டும். முன்பக்கத்தை அழுத்தி மெல்ல விடுங்கள்: 580. சற்றுத் தூக்கி மெல்ல இறக்குங்கள்: 588. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? குழாய்களின் உராய்வுதான் காரணம். சராசரி 584, அமுங்கல் 36 மி.மீ. மொத்த நகர்வு 120 மி.மீ. ஆனால், இது 30 சதவீதம். வண்டி சரியாகவே இருக்கிறது!

இனி வாஷருக்கு வருவோம். விசைக்கு ஏற்ற விகிதத்தில் வில் நீளும், சுருங்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி. இரு கால்களிலும் 10 மி.மீ. வாஷர் வைத்தால் அமுங்கல் 26 மி.மீ. ஆகும், ஆனால் வில்லின் விறைப்பு சிறிதும் கூடாது. வண்டியின் உயரம் மாறும், வில் மாறாது. பள்ளத்தில் இறங்க இருந்த இடத்தில் 10 மி.மீ. போய்விடும். அமுங்கல் மிகுதியாக இருந்தால் மட்டுமே வாஷர் உதவும். வில்லே தளர்ந்திருந்தால் அதை மாற்றுவதே முறை. போர்க்கின் மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். அழுந்தியிருக்கும் வில் பாய்ந்து வெளியேறிக் காயப்படுத்தும். அது மெக்கானிக்கின் வேலை.

பள்ளி ஆய்வகத்தில் வில்லில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு அட்டவணை போடுகிறீர்கள். அதே பாடம் வாசலில் நிற்கும் வண்டியிலும் இருக்கிறது. "ரொம்ப அமுங்குது" என்று யாரேனும் சொன்னால், "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். அறிவியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.