இரட்டைப் பிணைப்பு பரீட்சைக்கு மட்டும்தானா?

பிளஸ் ஒன் வேதியியலில் ஆல்கீன் பாடம் என்றால் மாணவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டே விஷயம். புரோமின் நீர் நிறமிழக்கும். அப்புறம் மார்கோனிகாஃப் விதி. மனப்பாடம் செய், எழுது, மார்க் வாங்கு, மறந்துவிடு! மற்ற ஊர்க்காரர்கள் மறந்தால் போகட்டும். தூத்துக்குடிக்காரர்கள் மறக்கக் கூடாது. காரணம், அந்தப் பாடம் அவர்கள் ஊரிலேயே கப்பலில் வந்து இறங்குகிறது.

வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் திரவச் சரக்குகளில் வினைல் குளோரைடும் ஒன்று. எத்திலீனில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரின் உட்கார்ந்தால் அதுதான் வினைல் குளோரைடு. மைனஸ் 13 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தம் கொடுத்துத் திரவமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சாகுபுரம் ஆலையில் தயாராகும் பி.வி.சி.க்கு இதுதான் மூலப்பொருள்.

இதில் வேதியியல் எங்கே வருகிறது? இரட்டைப் பிணைப்பில் ஒன்று வலுவான சிக்மா, இன்னொன்று வலு குறைந்த பை. பை உடைந்து, அதற்குப் பதில் பக்கத்து மூலக்கூறோடு புதிய சிக்மா உருவாகிறது. இப்படி ஆயிரக்கணக்கில் கைகோத்தால் பி.வி.சி. ஒவ்வொரு முறை கைகோக்கும்போதும் வெப்பம் வெளிவரும். ஆலையில் அந்த வெப்பத்தைக் குளிர்வித்து அடக்குகிறார்கள். அடக்காவிட்டால்?

2020 மே 7 விடியற்காலை, இன்னொரு துறைமுக நகரமான விசாகப்பட்டினத்தில் அதுதான் நடந்தது. ஊரடங்கில் மூடிக்கிடந்த ஆலையின் தொட்டியில் இருந்தது ஸ்டைரீன். அதுவும் இரட்டைப் பிணைப்பு உள்ள பொருள்தான். தடுப்பி வேதிப்பொருள் போதவில்லை, குளிர்விப்பும் போதவில்லை. தொட்டிக்குள்ளேயே பலபடியாக்கல் தொடங்கி, வெப்பம் ஏறி, ஆவி ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் வரும் வினை!

அதற்காக பி.வி.சி. குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா? தேவையில்லை. குழாயாகும்போது இரட்டைப் பிணைப்பு தீர்ந்துபோகிறது. ஆனால் வினைல் குளோரைடு வாயு புற்றுநோய் உண்டாக்கும். 1974-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் பி.வி.சி. தொழிலாளர்களுக்கு அரிய வகைக் கல்லீரல் புற்றுநோய் வந்தது தெரிந்தபிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத்தானே படிப்பு?

இன்னொரு சின்னக் கணக்கு. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. வினைல் குளோரைடு 62.5. அப்படியானால் கசிந்த வாயு தரையோடு தவழும், பள்ளத்தில் தங்கும். ஓடுகிறவர்கள் பள்ளத்தில் இறங்கக் கூடாது; காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஓர் உயிரைக் காப்பாற்றும்!

எனவே துறைமுகத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆல்கீன் பாடத்தை வினைல் குளோரைடிலிருந்து ஆரம்பிக்கட்டும். மார்கோனிகாஃப் அப்புறம் வரட்டும். டேங்கர் லாரியின் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தால், உள்ளே இருப்பது என்னவென்று உப்பளத் தொழிலாளியின் பிள்ளை வீட்டில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மார்க் கேள்விக்கு விடை எழுதுவதைவிட அது முக்கியம்.