முதற்கணினியின் பொருத்த விசாரணை

உறுப்புகளைத் தாமே தேர்ந்தெடுத்து ஓர் உயர்திறன் கணினியை அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இன்று நம் வாலிபர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. காணொளி தொகுப்பவர்கள், முப்பரிமாணச் சித்திரம் வரைபவர்கள், பொறியியல் மாணவர்கள், விளையாட்டுப் பிரியர்கள் என்று பலரும் சென்னை ரிச்சி தெருவுக்கோ தத்தம் ஊர்க் கடைகளுக்கோ கையில் ஒரு ஜாபிதாவுடன் போகிறார்கள். அந்த ஜாபிதாவின் முதல் இரண்டு வரிகளை, அதாவது பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும், மாதக்கணக்கில் ஆராய்ந்து நிர்ணயித்திருப்பார்கள். எஞ்சிய வரிகளிலோ, 'நல்லதாக ஏதாவது ஒன்று' என்ற அளவில் சிந்தனை நின்றுபோயிருக்கும். முதற்கணினி அமைப்பவர்களின் பணம் விரயமாவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே பிரதான காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். புகழ்பெற்ற அந்த இரண்டு உறுப்புகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆகவே புகழ் பெறாத மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் முதலியவற்றைப் பற்றியே இங்கு அதிகம் பேச விரும்புகிறேன்.

வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு கம்பெனிகள் செய்த உறுப்புகளை ஒரே பெட்டிக்குள் கூட்டிவைத்து இயக்க முடிவது, பொது விதிகள் சில எழுதப்பட்டிருப்பதன் பயனேயாகும். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் உள்ளமைப்பை விவரிக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் விலைக்குக் கொடுத்தபடியால், அதற்கு இசைந்த கார்டுகளைப் பிறரும் செய்து விற்க வழி பிறந்தது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுப்படி மதர்போர்டின் நீளம் 305 மில்லிமீட்டர், அகலம் 244 மில்லிமீட்டர். திருகு துளைகளின் இடங்களும் அதில் குறிக்கப்பட்டன. இன்று வாங்கும் கேபினெட்டும் அந்த அளவுக்கே துளையிடப்பட்டு வருகிறது. இவ்வாறு பொது விதி ஆட்சி செய்யும் இடங்களில் புதியவருக்குக் கவலை வேண்டியதில்லை. விதி முடிந்து கம்பெனியின் விருப்பம் தொடங்கும் எல்லைகள் எவை என்பதைத் தெரிந்துகொள்வதே பொருத்த விசாரணையில் முக்கியமானது.

அத்தகைய முதல் எல்லை பிராசஸர் அமரும் சாக்கெட். 2015இல் இன்டெல் கொண்டுவந்த எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட்டில் அதன் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசஸர்கள் அமர்ந்தன. 2017 அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோது அதற்கும் 1151 முனைகளே இருந்தன, சாக்கெட்டின் பெயரும் அதுவாகவே இருந்தது, பழைய போர்டில் வைத்தால் தடையின்றி உட்காரவும் உட்கார்ந்தது, ஆயினும் இயங்கவில்லை. மின்சாரம் வழங்கும் முனைகளின் ஒழுங்கு மாறியிருப்பதாகக் கம்பெனி காரணம் கூறியது. அந்தக் காரணம் மெய்யாகவே இருக்கட்டும். உள்ளே மாறிய ஒன்றுக்கு வெளியே பழைய பெயரையே விட்டுவைத்தது, நம்பி வாங்குகிறவர்களுக்கு இழைத்த அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 சாக்கெட்டின் சரித்திரம் வேறு விதமானது. 2017இல் முதல் ரைசன் பிராசஸர்களோடு பிரசித்தி பெற்ற அந்தச் சாக்கெட்டில், 2022 ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரையிலான பிராசஸர்களை, போர்டின் ஆதார மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு பல பழைய போர்டுகளிலேயே பொருத்திக்கொள்ள முடிந்தது. இந்த அனுகூலம் தானாகக் கிடைத்ததன்று. அடுத்து வரும் பிராசஸர்களை 400 வரிசைப் போர்டுகள் ஏற்கமாட்டா என்று 2020 மே மாதத்தில் கம்பெனி அறிவித்தது. வாங்கியவர்கள் பலமாக ஆட்சேபித்தார்கள். அதே மாதத்திலேயே முடிவு மாற்றப்பட்டது. விவரம் அறிந்து கேட்பவர்களின் குரலுக்கு இவ்வளவு சக்தி உண்டு. ஏ.எம்.4இன் வாரிசாக 2022இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு உண்டென்று கம்பெனி சொல்லியிருக்கிறபடியால், வேறு நிர்ப்பந்தம் இல்லாத புதியவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் ஒன்று: 2022இல் செய்து கடை அலமாரியில் தங்கிவிட்ட ஏ.எம்.5 போர்டு, 2024இல் வந்த ரைசன் 9000 வரிசைப் பிராசஸரைப் பயாஸ் புதுப்பிக்காமல் அடையாளம் கண்டுகொள்ளாது. பிராசஸர் இல்லாமலேயே ஒரு பென் டிரைவின் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறத்தில் உண்டு. அந்த வசதிக்காகச் சிறிது அதிகம் கொடுத்தாலும் தகும்.

ராமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 முனைகள்தாம் என்றாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. ஏ.எம்.5 போர்டுகள் யாவும் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்பவை, இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளிலோ இரண்டு ஜாதியும் உண்டு, பெயரின் கடைசியில் வரும் சிறிய ஒட்டு ஒன்றே வித்தியாசத்தைக் காட்டும். பெட்டியில் 6000 என்று அச்சிட்ட ராம், செருகியவுடன் பெரும்பாலும் 4800 வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் சென்று எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டை இயக்கிவைத்தால்தான் கொடுத்த விலைக்குரிய வேகம் கிட்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு துண்டுகளை இன்றும் இரண்டை அடுத்த வருஷமும் வாங்குவது டி.டி.ஆர்.5இல் புத்திசாலித்தனமன்று. ரைசன் 7000 வரிசைக்குக் கம்பெனி உறுதி கூறும் வேகம் இரண்டு துண்டுகளுக்கு 5200 என்றால் நான்கு துண்டுகளுக்கு 3600தான். வேண்டிய அளவை இரண்டே துண்டுகளில் ஒரே சமயத்தில் வாங்கிவிடுவது நலம்.

இனி எஸ்.எம்.பி.எஸ். கணினிக்குள் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் இந்த யந்திரத்துக்குத்தான், பட்ஜெட்டில் மிஞ்சிய தொகையை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆர்.டி.எக்ஸ். 5070 கிராபிக்ஸ் கார்டின் மின்தேவை 250 வாட். 65 வாட் என்று குறிக்கப்பட்ட ரைசன் 5 7600 பிராசஸர் முழுச்சுமையில் 88 வாட் வரை இழுக்கும். விசிறிகள், டிரைவுகள், போர்டு யாவற்றையும் கூட்டினாலும் 400 வாட்டுக்கு அதிகம் தாண்டாது. அவ்வாறிருக்க, அந்தக் கார்டுக்கு 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டுமென்று என்விடியா கேட்பது ஏன்? இக்காலத்துக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்தினும் மிகச் சிறிய கணங்களில் தம் சராசரித் தேவையைவிட வெகுவாக அதிகம் இழுக்கும் சுபாவம் உடையவை. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, எஸ்.எம்.பி.எஸ். தன் குறித்த அளவைப் போல் இரு மடங்குச் சுமையை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று கூறுவது இதன் பொருட்டே. மலிவான எஸ்.எம்.பி.எஸ். அத்தகைய கணத்தில் தன்னை அணைத்துக்கொள்கிறது. விளையாட்டின் நடுவிலோ, காணொளி உருவாகிக்கொண்டிருக்கும் வேளையிலோ கணினி திடீரென்று நின்றுபோகிறது. வாங்கியவரோ கார்டு கெட்டுவிட்டதென்று கருதிக் கடைக்கு ஓடுகிறார்.

பெட்டியின் மீதுள்ள 80 பிளஸ் முத்திரையைத் தரத்தின் அத்தாட்சியாகக் கொள்வது பரவலான மயக்கம். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டம், சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு வீணாகாமல் உள்ளே சென்று சேருகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பாதுகாப்புச் சுற்றுகள் சரியாக வேலை செய்கின்றனவா, உள்ளிருக்கும் கபாசிட்டர்கள் எத்தனை வருஷம் உழைக்கும் என்பவற்றை அது சொல்வதில்லை. அன்றியும் அந்தச் சோதனை ஏறக்குறைய 23 டிகிரி உஷ்ணத்தில் நடப்பது. நம் வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வைகாசிப் பிற்பகலில் ஓர் அறையின் உஷ்ணம் என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அயல்நாட்டு விமர்சகர்கள் குளிர்ந்த அறையில் சோதித்துத் தரும் அளவுகளைப் படித்துவிட்டு, இங்கே குளிர்சாதனம் இல்லாத மாடி அறையில் அதே பலனை எதிர்பார்க்கிறோம். அறையின் உஷ்ணம் 15 டிகிரி ஏறினால் பெட்டிக்குள்ளும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். ஆகவே கேபினெட்டின் முகப்பு, காற்று புகாத கண்ணாடியாக இராமல் வலைத்துளை உள்ளதாக இருப்பது நம் தேசத்தில் அலங்கார விஷயமன்று, அவசியம்.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் பொது விதி முடியும் இடம் ஒன்று உண்டு. அதை அறியாமல் பலர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். கழற்றி மாட்டும் கேபிள்களில், போர்டிலோ டிரைவிலோ செருகும் முனைக்குத்தான் விதி இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ்ஸில் செருகும் முனைக்கு எந்த விதியும் இல்லை. ஒரு கம்பெனியின் கேபிள் மற்றொரு கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கச்சிதமாகச் செருகிக்கொள்ளும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். டிரைவும் அதிலிருந்த பல வருஷத்துப் படங்களும் போய்விடும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களையும் சேர்த்தே அகற்றிவிட வேண்டும்.

நம் நாட்டுச் சூழலுக்கே உரிய இரண்டு பொருத்தங்களை எந்த அயல்நாட்டு ஜாபிதாவும் சொல்லாது. நம் வீடுகளில் பழக்கமான 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் சுமையே தாங்கும். மேலே சொன்ன கணினியோடு மானிட்டரையும் சேர்த்தால், மின்சாரம் போன அதே விநாடியில் அதுவும் கைவிட்டுவிடும். மற்றொன்று எர்த். எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் செருகிய கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உறைப்பதைப் பலர் இயல்பென்று நினைத்துவிடுகிறார்கள். அது இயல்பன்று. லட்ச ரூபாய்க்கு உறுப்புகள் வாங்குமுன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக்கைச் சோதிப்பது அந்தச் செலவின் ஒரு பகுதி.

கேபினெட்டுக்கும் கூலருக்கும் அளவுநாடா ஒன்று போதும். நோக்டுவாவின் என்.எச்.-டி15 போன்ற பெரிய கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர்; பெரிய கார்டுகளின் நீளம் 300 மில்லிமீட்டரைத் தாண்டும்; கேபினெட் எவ்வளவு ஏற்கும் என்பது அதன் விவரப் பக்கத்திலேயே இருக்கும்.

உறுப்புகள் ஒன்றில் ஒன்று செருகிக்கொள்வதோடு பொருத்தம் பூர்த்தியாவதில்லை. ஒன்று மற்றொன்றை வேலையற்றதாக்காமல் இருக்கவும் வேண்டும். நொடிக்கு 60 படங்கள் மட்டுமே காட்டும் மானிட்டரின் முன்னால், 150 படங்கள் தயாரிக்கும் கார்டை வைப்பதால் பெரும் பிரயோஜனம் ஒன்றும் இல்லை. ஆகையால் முதலில் செய்யப்போகும் வேலையையும், அதற்கு வேண்டிய மானிட்டரையும் தீர்மானித்து, பிறகு கார்டு, பிராசஸர், போர்டு என்று போவதே முறை. மென்பொருள் எழுதுகிற மாணவருக்குக் கார்டின் விலையில் பாதியை ராமிலும் பிராசஸரிலும் போடுவது அதிகப் பலன் தரும்; காணொளியில் வண்ணம் திருத்துபவருக்கோ கார்டுதான் உயிர்.

கடைகளிடம் நாம் வற்புறுத்திக் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது. '650 வாட் எஸ்.எம்.பி.எஸ்., 16 ஜி.பி. ராம், பி650 போர்டு' என்று எழுதிய விலைப்பட்டியலை ஏற்கக்கூடாது. ஒவ்வோர் உறுப்புக்கும் கம்பெனியின் பெயரும் முழு மாடல் எண்ணும் விலைப்பட்டியலிலேயே வரவேண்டும். பில்லில் சீரியல் எண்ணும் சேர வேண்டும். மாடல் எண் கையில் இருந்தால், போர்டுக் கம்பெனி வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் பிராசஸரும் ராமும் இருக்கின்றனவா என்று பணம் கட்டுமுன் எவரும் பார்த்துக்கொள்ளலாம். கணினியை அசெம்பிள் செய்தபின், பெட்டியை மூடுவதற்கு முன்பாகவே, பயாஸில் ராமின் வேகத்தைக் காட்டச் சொல்லி, பிராசஸரையும் கார்டையும் ஒருசேர முழுச்சுமையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, உஷ்ணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நேர்மையான கடைக்காரர் இதற்கு மனம் கோணவும் மாட்டார். மேஜையின் மீது திறந்து கிடக்கும்போது தெரியவரும் பழுதை அங்கேயே மாற்றிக்கொடுப்பது, ஒரு மாதத்துக்குப் பிறகு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட பெட்டியைப் பிரித்துப் பழுதைத் தேடுவதைவிட அவருக்கும் எளிது.